சந்திராதித்தவற் முதல் அடுத்த தீபாவளி வரை: வணிக ஒப்பந்தங்களின் ஆயுட்காலமும் நீதிமன்றங்களும்

வணிக ஒப்பந்தம் ஒன்று எந்த நாளில் தொடங்கியது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு எழுவது அரிது. அது எந்த நாளில் முடிந்தது, அல்லது முடிந்ததா இல்லையா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன. சரக்கை விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியவை. ஆனால் ஒருவருக்காக மற்றொருவர் தொடர்ந்து செய்துதரும் பணிகளான முகவாண்மை, சரக்குப் போக்குவரத்து, கூலிக்கு உருப்படி செய்து தருதல், கிடங்கைக் கவனித்தல் போன்றவை காலத்தை அடித்தளமாகக் கொண்டவை. இவற்றையே சட்ட வழக்கில் வணிகச் சேவை ஒப்பந்தங்கள் என்கிறோம். வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூரும் அதனைச் சூழ்ந்த சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி வட்டாரமும் பருத்தி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு, பேனா நிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்த தொழில்கள் அனைத்தும் இத்தகைய ஒப்பந்தங்களின் மீதே நின்றவை. அவற்றுள் மிகப்பல எழுத்தில் இல்லாதவை. ஆகவே, முடிவு நாள் குறிக்கப்படாத ஓர் ஒப்பந்தத்தின் ஆயுளை நீதிமன்றம் எவ்வாறு அளக்கிறது என்பதன் வரலாறு இந்த வட்டாரத்துக்குச் சட்ட நூலோடு நின்றுவிடும் செய்தி அன்று.

தமிழகத்தில் காலவரையறை பற்றிய சிந்தனை ஆங்கிலேயச் சட்டத்தோடு தொடங்கியதாகக் கருதுவது பிழை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் நுந்தா விளக்கு ஏற்பாடு, அதன் உள்ளமைப்பில் ஒரு சேவை ஒப்பந்தமே ஆகும். அணையாமல் எரியும் விளக்கொன்றுக்கு நெய் வழங்கும் பொறுப்பை இடையர் ஒருவர் ஏற்க, அதற்கு ஈடாக அவரிடம் ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. பல ஊர்களில் விளக்கொன்றுக்குத் தொண்ணூறு ஆடுகள் என்பதும், தஞ்சைப் பெரிய கோயிலில் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பதும், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பதும் கணக்கு. இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள், அதாவது சாகாதவையும் மூப்படையாதவையுமான ஆடுகள் என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. ஒப்பந்தத்தின் காலமோ சந்திராதித்தவற், அதாவது சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை. ஆடு சாகும் என்பதை அன்றைய மக்கள் அறியாதவர்கள் அல்லர். மந்தையில் ஈன்ற குட்டிகளைக் கொண்டு செத்த ஆட்டின் இடத்தை நிரப்பி எண்ணிக்கையைக் குறையாமல் காக்கும் பொறுப்பு இடையரையும் அவர் வழியினரையும் சார்ந்தது என்பதே அச்சொல்லின் பொருள். முடிவில்லாத கடமைக்குக் கொடுக்கப்பட்ட ஈடும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாக இருந்ததால்தான் அக்கடமை தலைமுறைகளைத் தாண்டி நடக்க முடிந்தது. தேய்ந்துபோகும் ஈட்டைக் கொண்டு தேயாத கடமையை வாங்க இயலாது என்ற இந்த அறிவை, பிற்காலத்தில் நீதிமன்றங்கள் வேறொரு வழியில் சென்று கண்டடைய நேர்ந்தது.

கும்பினி ஆட்சியிலும் அதன் பின்னரும் காலம் பற்றிய கேள்வி முதலில் உழைப்பாளியின் மீதே பாய்ந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை முடிக்காமல் விட்ட கைவினைஞரையும் கூலியாளையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வழிசெய்தது; முன்பணத்தைத் திருப்பித் தரும்படியோ ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடிக்கும்படியோ அவர் ஆணையிடலாம், மீறினால் மூன்று மாதம் வரை சிறை. உரிமையியல் வழக்காக இருந்திருக்க வேண்டிய ஒன்று இவ்வாறு குற்றவியல் வழக்காயிற்று. வாங்கிய பணம் தீரும் நாளே வேலைக்காலம் முடியும் நாள் என்றும், பணம் தீராதவரை ஒப்பந்தமும் தீராது என்றும் அச்சட்டம் நடைமுறையில் பொருள்பட்டது. 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால் அது 1926 ஏப்ரல் முதல் நாளில் ஒழிந்தது. எனினும் அட்வான்ஸ் கொடுத்து ஆளை நிறுத்தும் பழக்கம் அதோடு ஒழியவில்லை. அதன் கொடிய வடிவத்தை எதிர்த்து 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தனியே வர வேண்டியிருந்தது. பட்டாசு ஆலையைப் பயராபீஸ் என்றும் தீப்பெட்டி ஆலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் வழங்கும் ஊர்களில், கட்டை அடுக்குபவருக்கும் பெட்டி ஒட்டுபவருக்கும் அட்வான்ஸ் என்ற சொல் கடனையும் காலத்தையும் ஒருசேரக் குறித்து வந்தது.

வணிகர்களுக்கிடையிலான ஒப்பந்தங்களுக்கு 1872 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவிதிகளை வகுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1876இல், மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இருப்புப்பாதை சாத்தூர் வழியாகச் சென்றதும், கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகத்தை அடையும் காலம் சுருங்கி, உள்ளூர் வணிகரும் தொலைவிலுள்ள கொள்முதலாளரும் முகவர் வழியாகப் பேசிக்கொள்ளும் தேவை பெருகியது. சட்டத்தை வரைந்தவர்களின் மனத்திலும் பருத்தி இருந்தது என்பதற்கு 202ஆம் பிரிவின் விளக்கக் காட்டே சான்று. ஒருவர் ஆயிரம் பேல் பருத்தியை மற்றொருவருக்கு அனுப்புகிறார். பெறுபவர் அப்பருத்தியின் பேரில் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருக்கிறார். பருத்தியை விற்று அந்த விலையிலிருந்து தம் பணத்தை எடுத்துக்கொள்ளும்படி அவருக்கு அதிகாரம் தரப்படுகிறது. இந்த அதிகாரத்தை அனுப்பியவர் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. அவர் இறந்தாலும் அது முடிவதில்லை. சரக்கில் முகவருக்கே சொந்த நலன் இருக்கும்போது, அந்த நலன் தீரும்வரை முகவாண்மை தொடரும் என்பதே இதன் கருத்து.

அத்தகைய நலன் இல்லாத முகவாண்மைக்கு அடுத்த பிரிவுகள் இரண்டு பாதுகாப்புகளைத் தருகின்றன. குறித்த காலம் வரை முகவாண்மை நீடிக்கும் என்று வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஒப்பந்தம் இருந்து, தக்க காரணமின்றி அதற்கு முன்பே அது முறிக்கப்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 205ஆம் பிரிவு. முறிப்பதற்கு நியாயமான முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடாவிட்டால் அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 206ஆம் பிரிவு. உட்கிடையாக என்ற சொல்லில்தான் சாத்தூர் போன்ற ஊர்களின் வணிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எழுதப்படாத காலத்தை எங்கிருந்து எடுப்பது என்ற வினாவுக்கு விடையாக, ஒப்பந்தச் சட்டத்தின் முதற்பிரிவு சட்டத்துக்கு முரண்படாத தொழில் வழக்காற்றைக் காப்பாற்றி வைத்தது. அதே 1872இல் வந்த சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, எழுத்து ஒப்பந்தத்தில் சொல்லப்படாதிருந்தும் அவ்வகை ஒப்பந்தங்களோடு வழக்கமாக ஒட்டிவரும் கூறுகளைச் சாட்சியத்தால் மெய்ப்பிக்கலாம் என்று இடம் கொடுத்தது. அவ்வழக்காறு எழுதப்பட்ட விதிக்கு எதிராக இருக்கக்கூடாது என்பது மட்டுமே வரம்பு.

இந்த வட்டாரத்தின் வழக்காறு நாட்காட்டியின் மாதங்களை அளவாகக் கொண்டது அன்று. பட்டாசுத் தொழிலில் ஆண்டு என்பது ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடைப்பட்ட காலம். பண்டிகைக்கு முன் போனஸ் கொடுத்துக் கணக்கு முடித்து, ஆலையை மூடி, சில வாரங்கள் கழித்துப் பூசை போட்டுத் திறக்கும்போது அடுத்த பண்டிகைக்கான உற்பத்தி தொடங்குகிறது; வெளிமாநில ஏஜெண்டுகளின் ஆர்டர்கள் அதன்பின் வரத்தொடங்கி, மழையும் வெயிலும் பார்த்துச் சரக்கு உலர்ந்து, பெட்டியிலடைந்து லாரி ஏறிய பின்னும், பணம் பண்டிகை விற்பனை முடிந்த பிறகே முழுதாகத் திரும்புகிறது. சிவகாசியின் நாட்காட்டி அச்சுத் தொழிலுக்கு ஆடிப்பெருக்கே ஆண்டுத் தொடக்கம். ஆடி பதினெட்டாம் நாள் புதிய மாதிரி ஆல்பங்களை வெளியிட்டுப் பூசையிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், புத்தாண்டும் பொங்கலும் கடக்கும்போது அந்த ஆண்டின் வேலை முடிகிறது. ஆடியில் அமர்த்தப்பட்ட கமிஷன் ஏஜெண்டு ஒருவரை ஐப்பசியில் விலக்கினால், அவர் ஆல்பங்களைச் சுமந்து ஊர் ஊராகச் சுற்றிப் பிடித்துவைத்த ஆர்டர்களின் பலன் அவர் கைக்கு வராமலே போகும். காலண்டரில் மூன்று மாதமாகத் தெரியும் இந்த இடைவெளி அவருக்கு ஓராண்டு உழைப்பு. நியாயமான காலம் எது என்பது ஒவ்வொரு வழக்கிலும் நிகழ்வு சார்ந்த கேள்வி என்று 46ஆம் பிரிவின் விளக்கம் வேறொரு சூழலில் கூறுவதை இங்கே பொருத்திப் பார்த்தால், நியாயத்தின் அலகு அந்தந்தத் தொழிலின் பருவமாகத்தான் இருக்க முடியும்.

முடிவு நாள் சொல்லாத ஒப்பந்தம் நிரந்தரமானதா என்ற கேள்வியில் ஆங்கில நீதிமன்றங்கள் நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றன. அத்தீர்ப்புகள் இந்திய வழக்குரைஞர்களின் வாதங்களில் தொடர்ந்து எடுத்தாளப்படுவதால் அவற்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. 1875இல் லனெலி ரயில்வே வழக்கில் பிரபுக்கள் சபை, முடிவு பற்றி வாய்திறவாத ஒப்பந்தம் முதற்பார்வையில் நிரந்தரமானதே என்ற நிலையிலிருந்து தொடங்கியது. 1955இல் மார்ட்டின்-பேக்கர் வழக்கில் நீதிபதி மெக்நாயர், பரஸ்பர நம்பிக்கையின் மீது நடக்கும் வணிக முகவாண்மைக்கு அந்த அனுமானம் பொருந்தாது என்றும், பன்னிரண்டு மாத முன்னறிவிப்பில் அதனை முடிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார். 1978இல் வந்த ஸ்டாஃபோர்ட்ஷயர் குடிநீர் வழக்கு இன்னும் கூர்மையானது. 1929இல் ஒரு குடிநீர் நிறுவனம் மருத்துவமனை ஒன்றுக்கு, இனி எக்காலத்தும் என்ற சொற்களோடு, நாளொன்றுக்கு 5,000 காலன் நீரை இலவசமாகவும், அதற்கு மேற்பட்டதை ஆயிரம் காலனுக்கு ஏழு பென்ஸ் விலையிலும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. பணத்தின் மதிப்பு தேய்ந்து, 1975இல் அந்த விலை பொருளற்றதான நிலையில் நிறுவனம் ஆறு மாத முன்னறிவிப்பு கொடுத்தது. எக்காலத்தும் என்பது ஒப்பந்தம் நடப்பிலிருக்கும் காலம் முழுவதும் என்றே பொருள்படும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கொண்டு, முன்னறிவிப்பை ஏற்றது. டென்னிங் பிரபு பணவீக்கத்தையே வெளிப்படையான காரணமாகக் காட்டினார். ஆடுகளுக்குப் பதிலாகக் காசை ஈடாக வைத்த சந்திராதித்தவற் ஒப்பந்தம் அரை நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் நிரந்தரத்தைவிட முறிவின் விலையையே மிகுதியாக ஆராய்ந்தன. 1990 நவம்பரில் முடிவான இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் எதிர் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கில், சமையல் எரிவாயு விநியோக உரிமை காரணம் சரியாக மெய்ப்பிக்கப்படாமல் பறிக்கப்பட்டது. நடுவர் அந்த உரிமையை மீண்டும் வழங்கும்படி தீர்ப்பளித்திருந்தார். எந்தத் தரப்பும் முப்பது நாள் முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற விதி அதிலேயே இருந்ததால், அது இயல்பிலேயே முடிக்கத்தக்க ஒப்பந்தம் என்றும், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அத்தகைய ஒப்பந்தத்தை நடத்தியே தீரவேண்டும் என்று ஆணையிடத் தடுக்கிறது என்றும் உச்ச நீதிமன்றம் கூறி, முப்பது நாள் இழப்புக்கு மட்டும் ஈடு வழங்கியது. முறிப்பு தவறாக இருந்தாலும், ஒப்பந்தத்தின் சட்டப்படியான ஆயுள் முன்னறிவிப்புக் காலமே என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. 2000இல் தில்லி உயர் நீதிமன்றம் ராஜஸ்தான் புரூவரீஸ் வழக்கில் ஒருபடி மேலே சென்று, முடிப்பது பற்றி விதியே இல்லாவிட்டாலும் தனியார் வணிக ஒப்பந்தத்தை நியாயமான முன்னறிவிப்பில் முடிக்கலாம், அது தவறானால் பரிகாரம் இழப்பீடு மட்டுமே என்றது.

தென்மாவட்ட வணிகத்துக்கு மிக நெருக்கமான தீர்ப்பு, அமிர்தசரஸ் கேஸ் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டான 1989இல் வந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட சதர்ன் ரோட்வேஸ் நிறுவனம் பெங்களூரில் தன் பார்சல் சேவையைக் கவனிக்கக் கமிஷன் ஏஜெண்டு ஒருவரை அமர்த்தியிருந்தது; கிடங்கு நிறுவனத்தின் குத்தகையில் இருந்தது; எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி ஏஜெண்டை நீக்கலாம் என்று ஒப்பந்தம் கூறியது. அவர் நீக்கப்பட்டபின், கிடங்கில் அவருக்கு உரிமை உண்டா என்பது வழக்காயிற்று. முகவரின் கையிலிருக்கும் சொத்து அவரை அமர்த்தியவரின் கையிலிருக்கும் சொத்தே என்றும், முகவாண்மை முடிந்த கணத்தில் அவருக்கு அங்கே நிற்க உரிமையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. சட்டத்தின் தர்க்கத்தில் குறை காண இயலாத தீர்ப்பு இது. ஆனால் லாரி ஆபீஸ் ஒன்றை நடத்துபவர் உள்ளூர் வணிகரிடம் பல்லாண்டு பழகிச் சேர்த்த நம்பிக்கைக்கு அச்சடித்த ஒப்பந்தப் படிவம் எந்த விலையும் வைப்பதில்லை என்பதும், பேரம் பேசும் வலு இல்லாதவரே அத்தகைய படிவத்தில் கையெழுத்திடுகிறார் என்பதும் மறுக்க முடியாத உண்மைகள். எழுதப்பட்ட விதி இருக்குமிடத்தில் தொழில் வழக்காறு உள்ளே நுழைய முடியாது என்பதால், எழுத்து இல்லாத ஏஜெண்டுக்கு 206ஆம் பிரிவு தரும் பாதுகாப்புகூட, எழுத்தில் கையொப்பமிட்ட ஏஜெண்டுக்குக் கிட்டாமல் போகிறது. சட்டம் சரிசெய்ய வேண்டிய இடம் இதுவே.

காலம் முடிந்த பின்னும் பணி நடந்துகொண்டிருந்தால் என்ன என்பது அடுத்த சிக்கல். 1989ஆம் ஆண்டின் பிரவாஷ் சந்திர தலுய் வழக்கில், குத்தகை பற்றிப் பேசுகையில் உச்ச நீதிமன்றம் நீட்டிப்பையும் புதுப்பிப்பையும் வேறுபடுத்திக் காட்டியது: நீட்டிப்பு என்பது பழைய ஒப்பந்தமே தொடர்வது, புதுப்பிப்பு என்பது பழையது முடிந்து புதியது பிறப்பது. பட்டாசு ஆலைகளில் இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடாக நிற்பதில்லை. வெடிபொருள் உரிமத்துக்குக் காலம் உண்டு. உரிமம் இல்லாத நாளில் உற்பத்தி ஒப்பந்தம் சட்டவழி நிறைவேற முடியாதது. உரிமம் பெற்றவர் தம் அறைகளைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும் உள்குத்தகையோ 23ஆம் பிரிவின் கீழ் நோக்கமே சட்டவிரோதமானது என்பதால், அதன் காலத்தை எண்ணிப் பார்க்க எந்த நீதிமன்றமும் முன்வராது. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த வெடிவிபத்துக்குப் பின் உள்குத்தகை வழக்கம் பொதுவெளியில் கடுமையாகப் பேசப்பட்டது. குறுகிய காலத்துக்கு அறையை எடுத்தவர் அந்தக் காலத்துக்குள் போட்ட பணத்தை மீட்க அவசரப்படுவார் என்பதும், அந்த அவசரம் மருந்து கலக்கும் அறையில் எதில் முடியும் என்பதும் வட்டாரத்தார் அறிந்தவை.

தரப்பினர் குறித்த நாளுக்கு முன்பே சட்டம் ஒப்பந்தத்தை முடித்துவிடுவதும் உண்டு. செய்து முடிப்பது இயலாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகும்போது ஒப்பந்தம் செல்லாததாகிறது என்பது 56ஆம் பிரிவு; இலாபம் குறைந்ததோ சுமை கூடியதோ போதாது, ஒப்பந்தத்தின் அடித்தளமே சாய்ந்திருக்க வேண்டும் என்பது 1953இல் சத்தியப்பிரத கோஷ் வழக்கு வகுத்த வரம்பு. 2018 அக்டோபர் 23இல் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்தபோது, அவ்வகைச் சரக்குக்காகச் செய்துகொண்ட உற்பத்தி ஏற்பாடுகள் இந்தப் பிரிவின் வாசலில் வந்து நின்றன; பிற சரக்குக்கான ஏற்பாடுகளோ, நட்டத்தில் நடந்தாலும், சட்டத்தின் பார்வையில் உயிரோடு இருந்தன.

சாத்தூரின் நிப்புத் தொழிலுக்கு இந்தச் சட்டப் பிரிவுகள் எவையும் வந்து சேரவில்லை. உலோகத் தகட்டைக் கைப்பிரசில் வெட்டி, வளைத்து, முத்திரை பதித்து, நுனியைக் கீறி, மெருகேற்றி, ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு வீட்டில் கூலிக்குச் செய்யப்பட்டு நாடெங்கும் பேனாக்களுக்குச் சென்ற அந்தத் தொழிலில், எண்ணிக்கைக்கு இவ்வளவு என்ற கூலி பேசப்பட்டதே தவிர, எவ்வளவு காலம் என்பது பேசப்படவே இல்லை. பந்துமுனைப் பேனா பரவியபோது தகடு வருவது குறைந்து, பின் நின்றது. எந்த நாளில் நின்றது என்று சுட்டிக்காட்ட முடியாத முடிவுக்கு முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை.

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் சேவை வழங்கும் ஒப்பந்தங்களை வணிகத் தகராறு என்று பெயர்சொல்லிச் சேர்த்தது. வழக்கின் மதிப்பு வரம்பு 2018இல் ஒரு கோடி ரூபாயிலிருந்து மூன்று இலட்சமாகக் குறைக்கப்பட்டதால், சிறு ஏஜெண்டுகளின் கணக்குகளும் அதன் எல்லைக்குள் வந்தன. அங்கே அவர்கள் கொண்டுசெல்லக்கூடியது பெரும்பாலும் பேரேடும் கைச்சீட்டுமே. முறையாக எழுதிவந்த கணக்கேடு சான்றாக ஏற்கத்தக்கதே என்றாலும், அது மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 34ஆம் பிரிவிலிருந்து தொடரும் விதி. ஆகவே, ஏஜெண்டை அமர்த்தும் நாளில் எழுதும் சீட்டில், கமிஷன் விகிதத்தை அடுத்து, இந்தப் பொறுப்பு எந்தத் தீபாவளி வரை என்பதையும், அதற்கு முன் விலக்குவதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையும் ஒரு வரியாக எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்த முறிவுக்கான வழக்கை முறிவு நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்த மூன்று ஆண்டுகளை எண்ணுவதற்கும் முடிவு நாள் என்று ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.